மூச்சு வழி மருந்து: நாளைய வாய்ப்பும் இன்றைய குறையும்

மருந்தை உடலுக்குள் செலுத்துவதற்கு மருத்துவம் பெரிதும் நம்பியிருக்கும் வழிகள் இரண்டு: ஒன்று வாய், மற்றொன்று ஊசி. இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது மூச்சு. அண்மை ஆண்டுகளில் இம்மூன்றாவது வழியைப் பற்றிய எதிர்பார்ப்பு வளர்ந்து வருகிறது. இன்சுலினைக் குத்திக் கொள்ளாமலே உறிஞ்சிக் கொள்ளலாம் என்ற நிலை வந்துவிட்டது. அத்தகைய இன்சுலின் தூள் ஒன்றிற்கு 2024 டிசம்பரில் இந்தியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. தடுப்பு மருந்தையும் காசநோய் மருந்தையும் மூச்சின் வழியே செலுத்தும் முயற்சிகள் நம் நாட்டிலேயே நடந்துள்ளன. இவை யாவும் வரவேற்கத் தக்கவையே. ஆயினும், அரை நூற்றாண்டாகக் கையில் இருந்துவரும் மூச்சு வழி மருந்துகள் அவை தேவைப்படும் மக்களை இன்னும் சரிவரச் சென்றடையவில்லை. புதியவற்றின் எதிர்காலத்தை மதிப்பிட விரும்புவோர் முதலில் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

2019ஆம் ஆண்டிற்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கினர் இந்தியாவில் வாழ்கின்றனர். ஆனால் அந்நோயால் நேரும் இறப்புகளிலோ பத்தில் நான்கு பங்கிற்கும் மேல் இந்தியாவில் நேர்கின்றன. இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள இடைவெளிக்கு நோயின் கொடுமையை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது. மருத்துவம் சென்று சேராமையே முதன்மையான காரணம். இந்தியா மூச்சு வழி மருந்துகளைப் பெருமளவில் தயாரித்து ஏற்றுமதி செய்யும் நாடு என்பதை நினைக்கையில் இக்குறை மேலும் உறுத்துகிறது.

ஒரு நகரின் ஒரு பகுதி

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியை ஒட்டி, கிள்ளியாற்றின் அருகே அமைந்தது வலியசாலை. பழைய கல்வெட்டுகளில் குறிக்கப்படும் காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்று கருதும் அறிஞர் பலர். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அக்கிரகார வீதிகள் இங்கு உள்ளன. வீட்டோடு வீடு சுவர் ஒட்டி நிற்கும் இத்தகைய வீதிகளில் வெளிச்சமும் காற்றும் முன்னும் பின்னுமே நுழைய இயலும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் நகரம் இது. ஆண்டில் பல மாதங்கள் சுவர்களில் ஈரம் நிற்பதும், அலமாரிகளில் பூசணம் பூப்பதும் இங்கு வழக்கம். அடுத்துள்ள கடைவீதியில் மிளகாய், மல்லி, தானியம் ஆகியவற்றின் மூட்டைகள் இறங்கும்போது எழும் தூசியும் நெடியும் யாவரும் அறிந்தவை. பூசணம், வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, மிளகாய் நெடி, ஊதுவத்திப் புகை இவையனைத்தும் இரைப்பைக் கிளப்பிவிடக் கூடியவை என்பது மருத்துவ நூல்கள் கூறும் செய்தி.

இத்தகைய ஒரு பகுதியில் வாழும் ஆஸ்துமா நோயாளிக்கு மருத்துவ வசதி தொலைவில் இல்லை. அரசு மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரியும் அதே நகரில் உள்ளன. மருந்துக் கடையோ தெரு முனையிலேயே உண்டு. எனினும் இரைப்பு வந்தவுடன் அவர் நாடுவது பெரும்பாலும் சால்பூட்டமால் மாத்திரையையோ, இருமல் மருந்தையோ, நெபுலைசர் வைத்திருக்கும் சிகிச்சை நிலையத்தையோதான். இன்ஹேலரை எழுதிக் கொடுத்தால் முகம் சுளிப்போர் பலர். அது பழகிவிடும், பிறகு விட முடியாது என்பது ஓர் அச்சம். அது நோய் முற்றியவர்க்கு உரிய கடைசி மருந்து என்பது மற்றொன்று. திருமண வயதில் மகளோ மகனோ இருக்கும் வீட்டில் அக்கருவி பிறர் கண்ணில் படக்கூடாது என்ற எண்ணம் இன்னொன்று. இந்நிலை வலியசாலைக்கு மட்டும் உரியதன்று, நாடெங்கும் உள்ளது. ஆனால் வசதியும் எழுத்தறிவும் மிகுந்த நகரிலும் இந்நிலை காணப்படுமாயின், குறை வேறெங்கோ உள்ளது என்றே கொள்ள வேண்டும்.

ஏன் மூச்சு வழி?

வயது வந்த ஒருவரின் நுரையீரலில் உள்ள நுண்காற்றறைகளை விரித்துப் பரப்பினால் அவற்றின் பரப்பு 70 முதல் 100 சதுர மீட்டர் வரை இருக்கும். மிக மெல்லிய அச்சுவரின் மறுபுறம் இரத்தம் ஓடிக் கொண்டிருக்கிறது. இரைப்பையின் அமிலமும் கல்லீரலின் வேதிமாற்றமும் இவ்வழியில் குறுக்கிடுவதில்லை. நோய் மூச்சுக்குழலிலேயே இருக்குமாயின் பயன் இன்னும் பெரிது. மருந்தை நோயின் மீதே நேரடியாக இட்டுவிடலாம்.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். சால்பூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். இன்ஹேலரை இருமுறை அழுத்தினால் வெளிப்படுவது 200 மைக்ரோகிராம். இருபதில் ஒரு பங்கு மருந்து, சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழலைத் தளர்த்துகிறது. மாத்திரையோ இரைப்பையில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, உடலெங்கும் சுற்றி, கை நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் உண்டாக்கிய பின்னரே நுரையீரலை அடையும். எனவே இன்ஹேலர் "கடுமையான மருந்து" என்ற மக்கள் எண்ணம் உண்மைக்கு நேர் மாறானது.

ஆனால் மூச்சுப் பாதை எதையும் எளிதில் உள்ளே விடுவதில்லை. தூசியைத் தடுப்பதற்கென்றே அமைந்த பாதை அது. 5 மைக்ரானைவிடப் பெரிய துகள்கள் தொண்டையிலேயே படிந்துவிடும். மிக நுண்ணிய துகள்களோ எங்கும் படியாமல் விடும் மூச்சோடு வெளியேறிவிடும். 1 முதல் 5 மைக்ரான் வரை உள்ளவையே நுரையீரலில் தங்கும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை ஒப்பிட்டால் இதன் நுண்மை விளங்கும். சரியாகப் பயன்படுத்தினாலும் பழைய வகை அழுத்தக் குப்பி இன்ஹேலரிலிருந்து நுரையீரலை அடைந்தது பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையிலான மருந்தே. எஞ்சியது தொண்டையில் ஒட்டி, விழுங்கப்பட்டது.

ஆவி பிடித்தலும் மூச்சு வழி மருத்துவமே என்று சிலர் கருதுவர். நொச்சி இலையிட்ட வெந்நீரின் ஆவி மூக்கடைப்பிற்கு இதமளிக்கலாம். ஆனால் அதன் துளிகள் பெரியவை. மேல்பாதையிலேயே குளிர்ந்து படிந்துவிடும். ஆஸ்துமாவிற்கு அது மருந்தாகாது. கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் விபத்தையும் கருதின் இவ்வழக்கத்தில் எச்சரிக்கை தேவை.

சென்னையிலிருந்து சென்ற ஊமத்தை

மூச்சு வழி மருத்துவத்தின் வரலாற்றில் தமிழகத்திற்கு ஓர் இடம் உண்டு. இரைப்பிற்கு ஊமத்தையை உலர்த்திப் புகைக்கும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இவ்வழக்கத்தை அறிந்து கையாண்டார். 1802ஆம் ஆண்டில் ஜெனரல் ஜென்ட் என்ற படைத் தலைவர் வாயிலாக இம்முறை பிரிட்டனுக்குச் சென்றது. எடின்பரோவைச் சேர்ந்த டாக்டர் சிம்ஸ் இதனைப் பரவச் செய்தார். பின்னர் ஊமத்தை சேர்ந்த "ஆஸ்துமா சிகரெட்டுகள்" ஐரோப்பிய மருந்துக் கடைகளில் நூறாண்டிற்கும் மேலாக விற்பனையாயின.

ஊமத்தையில் உள்ள அட்ரோப்பின் வகைப் பொருள்கள் மூச்சுக்குழலைத் தளர்த்துபவை. அளவு மீறினால் மயக்கமும் மரணமும் விளைவிப்பவை. புகைப்பதில் அளவு என்பதே கிடையாது. இப்பொருளை வேதியியலார் மாற்றியமைத்து, மூச்சுக்குழலில் மட்டும் பெரிதும் செயற்படுமாறு செய்ததன் விளைவே 1970களில் வந்த இப்ராட்ரோப்பியமும் 2002இல் வந்த டையோட்ரோப்பியமும். இன்று நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுற்ற முதியவர் ஒருவர் நாள்தோறும் உறிஞ்சும் தூள், சென்னையிலிருந்து கப்பலேறிய அந்த ஊமத்தையின் வழித்தோன்றலே எனலாம்.

கருவியைப் பொறுத்தவரை, "இன்ஹேலர்" என்ற பெயரை 1778இல் ஆங்கில மருத்துவர் ஜான் மட்ஜ் தம் ஈயக் குவளைக்கு வழங்கினார். உண்மையான திருப்பம் 1956இல் நேர்ந்தது. அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வுக் கூடத்தின் தலைவருக்கு ஆஸ்துமா கண்ட மகள் ஒருத்தி இருந்தாள். தலைமுடிக்கு அடிக்கும் நறுமணத் தெளிப்பானைப் போல் தன் மருந்தும் ஒரு குப்பியில் வரக்கூடாதா என்று அச்சிறுமி கேட்டதாகவும், அக்கேள்வியிலிருந்தே அளவிட்டுத் தெளிக்கும் அழுத்தக் குப்பி பிறந்ததாகவும் வரலாறு கூறுகிறது. சால்பூட்டமால் 1969இலும், மூச்சுக்குழல் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் 1972இலும் பிரிட்டனில் வந்தன. 1970களின் இறுதியில் சிப்லா நிறுவனம் இந்தியாவில் இவற்றைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன்பின் இறக்குமதியை எதிர்பார்க்கும் நிலை நமக்கு இல்லை.

கருவி கையில் வந்த பின்

மாத்திரைக்கும் இன்ஹேலருக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மாத்திரையை எவர் எப்படி விழுங்கினாலும் அது இரைப்பையை அடையும். இன்ஹேலரின் மருந்து நுரையீரலை அடைவதோ அதைப் பிடித்திருக்கும் கையையும் இழுக்கும் மூச்சையும் பொறுத்தது.

அழுத்தக் குப்பியைக் குலுக்கி, மூச்சை முழுவதும் விட்டு, வாயில் பொருத்தி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்தி, பின் 10 விநாடிகள் மூச்சை அடக்க வேண்டும். தூள் இன்ஹேலருக்கு முறை வேறு. அங்கே தெளிக்கும் வாயு இல்லை. இழுக்கும் விசையே தூளைச் சிதறடிக்க வேண்டும். எனவே வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். இருவகைக் கருவிகளும் ஒருவரிடமே இருப்பது அரிதன்று. அவர் ஒன்றின் முறையை மற்றொன்றிற்குக் கையாண்டால் இரண்டுமே வீணாகும். ஸ்டீராய்டை உறிஞ்சியபின் வாய் கொப்பளிக்க வேண்டும். தவறினால் வாயில் வெண்பூசணம் பற்றும். பலர் இன்ஹேலரைக் கைவிட இதுவும் ஒரு காரணம்.

1975 முதல் 2014 வரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2016இல் வெளியாயிற்று. முறையாகப் பயன்படுத்தியவர்கள் 31 விழுக்காட்டினரே என்று அது கண்டது. அதனினும் கவலைக்குரியது, இந்த 40 ஆண்டுகளில் அவ்விகிதம் உயரவே இல்லை என்பது. கருவிகள் மாறின, மருந்துகள் மேம்பட்டன, விலையும் பல இடங்களில் குறைந்தது; பிழை மட்டும் மாறவில்லை. பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகளும் இதில் அடங்கும் என்பதால் இதை ஏழ்மையின் விளைவு என்று ஒதுக்கிவிட முடியாது.

நம் நாட்டில் தூள் நிரப்பிய கேப்சூலை இட்டுத் திருப்பி உறிஞ்சும் எளிய கருவி பரவலாக வழங்குகிறது. அதன் விலை குறைவு. மருந்தை வேண்டிய அளவிற்கு வாங்கிக் கொள்ளலாம். கூடு ஒளி ஊடுருவும் பொருளால் ஆனதாயின், தூள் தீர்ந்ததா இல்லையா என்பதைக் கண்ணாலேயே காணலாம். அழுத்தக் குப்பியில் இவ்வசதி இல்லை. எண்ணிக்கை காட்டும் அமைப்பு இல்லாத குப்பி, மருந்து தீர்ந்த பின்னும் வெறும் வாயுவைத் தெளித்துக் கொண்டிருக்கும். இரைப்பு முற்றிய இரவில்தான் அது வெறுங்குப்பி என்பது தெரியவரும்.

கேப்சூல் முறைக்கும் குறைகள் உண்டு. அதை மாத்திரையென எண்ணி விழுங்கிவிடுவோர் உள்ளனர். 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதுகுறித்து எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. மற்றொரு குறை திருவனந்தபுரம் போன்ற நகரங்களுக்கு முக்கியமானது. மருந்துத் தூளும் அதைச் சுமக்கும் பால் சர்க்கரையும் ஈரத்தை ஏற்றால் கட்டிதட்டும். ஜெலட்டின் கூடு நெகிழும். கட்டிதட்டிய துகள் 5 மைக்ரானைத் தாண்டிவிடுவதால் தொண்டையிலேயே நின்றுவிடும். புட்டியைத் திறந்து வைப்பதும், கேப்சூல்களைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைப்பதும், கருவியைக் கழுவி உலர்த்தாமல் பயன்படுத்துவதும் மழைக்காலத்தில் மருந்தை வீணாக்கும் செயல்கள். இரைப்பு மிகுவதும் பெரும்பாலும் அதே மழைக்காலத்தில்தான்.

குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் அழுத்தக் குப்பியோடு ஸ்பேசர் என்னும் கூட்டை இணைப்பது நல்ல தீர்வு. மருந்து முதலில் அக்கூட்டில் நிறையும். பெரிய துளிகள் அதன் சுவரில் படிந்துவிடும். நோயாளி தம் போக்கில் மூச்சை இழுத்துக் கொள்ளலாம். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. 500 மில்லிலிட்டர் குளிர்பானப் புட்டியின் அடியில் துளையிட்டு இன்ஹேலரைப் பொருத்தினால் அதுவும் கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாகப் பயன்படுவதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999இல் மெய்ப்பித்தனர். இரைப்பு மிகுந்த நேரத்திலும், உயிருக்கு ஆபத்தான நிலை நீங்கலாக, ஸ்பேசரோடு கூடிய இன்ஹேலர் நெபுலைசருக்குக் குறைந்ததன்று என்பதே ஆய்வுகளின் முடிவு. ஆனால் ஒலியெழுப்பிப் புகைபோல் ஆவி கக்கும் நெபுலைசரே வலிமையானது என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. மின்சாரமும் அரை மணி நேரக் காத்திருப்பும் கட்டணமும் அதன் உடன் விளைவுகள்.

கேரளத்தின் முயற்சி

இக்குறையைச் சிகிச்சை நிலையத்தின் மட்டத்திலேயே சரிசெய்ய முனைந்த மாநிலம் கேரளம். 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் படிப்படியாகக் குடும்ப நல மையங்களாக உயர்த்தப்பட்டன. அவற்றில் மூச்சு நோய்களுக்கென "ஸ்வாஸ்" என்ற பெயரில் தனிச் சிகிச்சைப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. இருமலும் இரைப்பும் கொண்டு வருவோரை ஸ்பைரோமீட்டரில் ஊதச் செய்து நோயைப் பகுத்தறிதல், இன்ஹேலர் வழங்குதல், அதைப் பயன்படுத்தும் முறையைச் செவிலியர் கற்பித்தல், மூச்சுப் பயிற்சி அளித்தல் ஆகியவை இப்பிரிவின் பணிகள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கென மக்கள் நல்வாழ்வுத் துறையின் அடித்தளத்தில் இத்தகைய ஏற்பாடு வேறு மாநிலங்களில் அரிது.

(திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 2021இல் கொரோனாத் தொற்றின்போது உருவாக்கிய உயிர்வளிச் செறிவாக்கிக்கும் "ஸ்வாஸ்" என்றே பெயர். உயிர்வளியும் மூச்சு வழி மருந்தே என்பதால் இப்பெயர் ஒற்றுமை பொருத்தமானதே.)

இம்முயற்சியின் சிறப்பு, நாடித்துடிப்புமானியைப் போல் மூச்சளவையும் சாதாரணச் சோதனையாக்கியதில் உள்ளது. இரத்த அழுத்தம் அளக்காமல் இரத்தக் கொதிப்பிற்கு மருந்து தருவோர் இல்லை. ஆனால் மூச்சை அளக்காமல் மூச்சு நோய்க்கு மருந்து தருவது நம் நாட்டில் பெருவழக்கு. தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் சால்பூட்டமால், புடசோனைடு, இப்ராட்ரோப்பியம், டையோட்ரோப்பியம் ஆகியவை மூச்சு வழி மருந்துகளாக இடம் பெற்றுள்ளன. பட்டியலில் இருப்பது ஒன்று. வட்டார மருத்துவமனையின் கொள்முதலில் மாத்திரைக்குப் பதிலாக அவை இடம் பெறுவது வேறு. அதிலும், உடனடி நிவாரணத்திற்கான சால்பூட்டமாலை மட்டும் வாங்கி ஸ்டீராய்டை விட்டுவிடுவது ஆபத்தான சிக்கனம். வீக்கம் உள்ளே வளர, தற்காலிகத் தளர்ச்சி மட்டுமே நோயாளிக்குக் கிடைக்கும். வயது வந்தோர்க்கும் வளர் இளம் பருவத்தினர்க்கும் சால்பூட்டமால் ஒன்றையே கொண்டு ஆஸ்துமாவைக் கையாளும் முறையை உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019இல் கைவிட்டது.

இன்சுலின்: ஒரு தோல்வியும் ஒரு மறுமுயற்சியும்

மூச்சு வழி இன்சுலின் புதிய கற்பனையன்று. இன்சுலின் கண்டறியப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1920களில், அதை உறிஞ்சச் செய்து பார்த்தனர். துகளின் அளவைக் கட்டுப்படுத்த அன்று வழியில்லை. 2006இல் அமெரிக்காவில் எக்ஸூபெரா என்ற இன்சுலின் தூள் விற்பனைக்கு வந்தது. அதன் கருவி பருமனானது. அளவும் மருத்துவர்கள் பழகிய "யூனிட்" கணக்கில் இல்லாமல் மில்லிகிராமில் இருந்தது. 2007 அக்டோபரில் ஃபைசர் நிறுவனம் அதை விலக்கிக் கொண்டு, 280 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் எழுதியது. மருந்து வேலை செய்தது; ஆனால் அதைக் கையாளும் மனிதர்கள் கணக்கில் எடுத்துக் கொள்ளப்படவில்லை.

2014இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற அஃப்ரெஸா இக்குறைகளுள் பலவற்றை நீக்கியது. கருவி உள்ளங்கையில் அடங்குவது. 4, 8, 12 யூனிட் தோட்டாக்களில் வருவது. உணவு வேளையில் உறிஞ்சினால் ஊசியைவிட விரைவில் செயற்படத் தொடங்குவது. மேலே குறித்த 2024 டிசம்பர் ஒப்புதல் இம்மருந்திற்கே, வயது வந்தோர் பயன்பாட்டிற்காகச் சிப்லாவிற்கு வழங்கப்பட்டது.

கேரளத்திற்கு இதன் முக்கியத்துவம் வெளிப்படை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் நீரிழிவு விகிதம் 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு, கேரளத்தில் 25.5 விழுக்காடு. ஊசிக்கு அஞ்சி இன்சுலினை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவோர்க்கு இது ஒரு கதவைத் திறக்கக் கூடும். ஆனால் அக்கதவு அனைவர்க்கும் உரியதன்று. ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் அடைப்போ உள்ளவர்க்கு இம்மருந்து கடும் மூச்சுத் திணறலை உண்டாக்கக் கூடும் என்பதால் தரலாகாது. புகைபிடிப்போர்க்கும் ஏற்றதன்று. தொடங்குமுன் ஸ்பைரோமீட்டரில் மூச்சை அளந்தாக வேண்டும். பின் 6ஆம் மாதத்திலும், அதன்பின் ஆண்டுதோறும் அளக்க வேண்டும். உணவு வேளைக்கான இன்சுலின் மட்டுமே இது. முதல் வகை நீரிழிவு உள்ளவர்க்கு நாள் முழுதும் செயற்படும் ஊசி இன்சுலினும் தேவைப்படும்.

இங்கேதான் பழைய குறையும் புதிய வாய்ப்பும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. நாட்டில் அடைப்பு நோய் உள்ளவர்களில் பலர் தமக்கு அது உண்டென்றே அறியாதவர்கள். மூச்சை அளக்கும் வசதி இல்லாத ஊரில் மூச்சு வழி இன்சுலினைப் பாதுகாப்பாக வழங்க இயலாது. இருமலுக்கும் இரைப்பிற்கும் என்று குடும்ப நல மையத்தில் வைக்கப்பட்ட ஸ்பைரோமீட்டரே நீரிழிவு மருந்திற்கும் வாயிற்காவலாக அமைகிறது.

தடுப்பு மருந்தும் காசநோயும்

தட்டம்மைத் தடுப்பு மருந்தைப் பனித்துளிபோல் தெளித்துக் குழந்தைகளை மூச்சிழுக்கச் செய்யும் முறை 1980களில் மெக்சிகோவில் கையாளப்பட்டது. ஊசி வேண்டாம், பயிற்சி பெற்ற தன்னார்வலரே வழங்கலாம் என்பதால் உலக சுகாதார நிறுவனம் இதில் நாட்டம் கொண்டது. இதற்கான பெரும் சோதனை இந்தியாவில், புணே மாவட்டக் கிராமங்களில் நடைபெற்றது. 9 முதல் 12 மாதத்திற்குட்பட்ட 2004 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். 2015இல் முடிவு வெளியாயிற்று. ஊசி பெற்றவர்களில் 94.7 விழுக்காட்டினரிடமும், மூச்சு வழி பெற்றவர்களில் 85.4 விழுக்காட்டினரிடமும் எதிர்ப்பாற்றல் காணப்பட்டது. தட்டம்மை மிக வேகமாகப் பரவும் நோய். இந்த இடைவெளியைப் பொறுத்துக் கொள்ள இயலாது. எனவே முதல் தவணைக்கு அம்முறை பரிந்துரைக்கப்படவில்லை. தோல்வி எனினும் பயனுள்ள தோல்வி. கைக்குழந்தையின் சிறு மூச்சில் எவ்வளவு மருந்து உள்ளே செல்கிறது என்பதை உறுதிசெய்வதே இத்துறையின் முடிச்சு என்பது அதனால் தெளிவாயிற்று. கொரோனாவிற்கு எதிராகப் பாரத் பயோடெக் 2023 ஜனவரியில் வெளியிட்ட மருந்து மூக்கில் சொட்டு சொட்டாக இடுவது. நுரையீரல் வரை செல்வதன்று. சீனாவில் 2022இல் ஒப்புதல் பெற்ற மற்றொன்றே உறிஞ்சும் வகையைச் சேர்ந்தது.

காசநோயைப் பொறுத்தவரை லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நெடுநாளாக உழைத்துவருகின்றனர். காசநோய்க் கிருமி குடியிருப்பது நுரையீரலின் விழுங்கு அணுக்களுக்குள். அவ்வணுக்களோ உள்ளே வரும் நுண்துகள்களை விழுங்கும் இயல்புடையவை. எனவே மருந்தை அதே அளவுள்ள துகள்களாக்கி உறிஞ்சச் செய்தால், கிருமி இருக்கும் இடத்திற்கே மருந்து சென்றுவிடும் என்பது அவர்களது கருத்து. மாத்திரைகளுக்குத் துணையாகவே இதை எண்ண வேண்டும்; ஏனெனில் காசநோய் நுரையீரலோடு நிற்பதன்று. வேறு சில மருந்துகளும் மேலைநாடுகளில் இவ்வழியில் வந்துவிட்டன. பார்க்கின்சன் நோயாளியின் உடல் திடீரென இறுகும் வேளைக்கான லெவோடோப்பா தூள் 2018இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது.

வாயு மாற்றம்

மருந்தைத் தெளிக்கும் வாயுவும் ஒரு கேள்வியாக உள்ளது. தொடக்கத்தில் இன்ஹேலர்களில் குளோரோஃபுளோரோகார்பன் பயன்பட்டது. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை அதைத் தடை செய்யும் பாதையை வகுத்தது. இந்தியத் தயாரிப்பாளர்களும் மாற்று வாயுவிற்கு மாறினர். அம்மாற்று வாயு ஓசோனுக்குத் தீங்கற்றது. ஆனால் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்கிற்கும் மேல் புவியை வெப்பமாக்குவது. அவ்வகை வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. அதன்படி 2028இல் பயன்பாடு உச்சவரம்பிற்குள் நிறுத்தப்பட்டு, 2047க்குள் 85 விழுக்காடு குறைக்கப்பட வேண்டும். தூள் இன்ஹேலரில் வாயு இல்லை என்பதால் அதன் பக்கம் சாய்வு ஏற்படக் கூடும். ஆயினும் பலமாக இழுக்க இயலாத சிறு குழந்தைக்கும், இரைப்பு முற்றியவர்க்கும் அழுத்தக் குப்பி தவிர்க்க இயலாதது. குறைந்த வெப்பமூட்டும் வாயுக்களைக் கொண்ட குப்பிகளே அவர்களுக்கு விடை.

முதல் வாயு மாற்றத்தின் போது நேர்ந்ததை மருந்து வழங்கும் அலுவலர்கள் அறிந்திருத்தல் நலம். புதிய வாயு தொண்டையில் முன்போல் குளிர்ந்து அறையவில்லை; அதன் வீச்சு மென்மையாக இருந்தது; சுவையும் வேறுபட்டது. மருந்தின் அளவு குறையவில்லை. எனினும் பல நாடுகளில் நோயாளிகள் தம் குப்பி பழுதென்றும் மருந்து வீரியமற்றதென்றும் எண்ணினர். அடுத்த மாற்றம் வரும்போதும் ஒவ்வொரு நோயாளியிடமும் புதிய கருவியைக் கொடுத்து, இழுக்கச் சொல்லிப் பார்த்து, பிழையைத் திருத்தி அனுப்புவதற்குச் செவிலியர்க்குச் சில நிமிடங்கள் வேண்டும். அந்நிமிடங்களைப் பணி அட்டவணையில் ஒதுக்குவது மாவட்ட அலுவலரின் கையில் உள்ளது.